கில்லி மீன் தொடங்கணும்: பொடியில் வரும் முட்டையா, கார்ட்னரி ஜோடியா? மதுரை வெயிலைத் தாங்குமா?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. கப்பியும் பைட்டரும் வளர்த்திருக்கேன், கில்லி இதுதான் முதல் தடவை. ஊர் மதுரை.

கைவசம் இருக்கிறது: 18 x 10 x 12 இன்ச் கண்ணாடித் தொட்டி ஒண்ணு, ஸ்பான்ஜ் பில்டர், ஏர் பம்ப். போர் தண்ணி, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பளவு) 900. வீட்டுல ஆர்.ஓ. இருக்கு. அக்னி நட்சத்திரத்துல தொட்டித் தண்ணி 32 டிகிரி வரைக்கும் போயிடும், ஏசி கிடையாது.

ஆன்லைன்ல நோத்தோங்கிற கில்லியோட முட்டையைக் கோகோ பீட் (தேங்காய் நார்) பொடியோட பொட்டலமா விக்கிறாங்க. தண்ணி ஊத்தினா மறுநாளே குஞ்சுன்னு போட்டிருக்கு. அதுல தொடங்கலாமா, இல்ல கார்ட்னரிங்கிற இன்னொரு கில்லியோட ஜோடி வாங்கலாமா? கில்லி எல்லாமே ஒரு வருஷத்துல செத்துடும்னு சொல்றாங்க, உண்மையா? முட்டையை எப்படி எடுக்கிறது, எதுல வைக்கிறது? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

பாசிக்குளம்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஒரு வருஷத்தில் முடிவது நோத்தோ மாதிரி, மழைக்குட்டையில் பிறந்து குட்டை வற்றும்போது சாகும் இனங்கள்தான். கார்ட்னரி நைஜீரியா, கேமரூன் ஓடைகளில் இருப்பது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு, மூன்று வருஷம் இருக்கும். கில் என்ற டச்சுச் சொல்லுக்கு ஓடை என்று பொருள், கில்லி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

முதல் இனமாகக் கார்ட்னரியையே எடுங்கள். கில்லி வளர்ப்பு என்பது பாதிக்கு மேல் முட்டை வளர்ப்பு. கார்ட்னரி முட்டை தண்ணீரிலேயே பொரியும். உள்ளே கண் உருவாவது, கரு புரள்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எது நல்ல முட்டை, எது கெட்டது என்று ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பொடிக்குள் இருக்கும் முட்டையில் என்ன தவறு நடந்தாலும் உங்களுக்குத் தெரிய வராது. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் நேரமும் முக்கியம். சித்திரையில் வாங்காதீர்கள், ஐப்பசியில் வாங்குங்கள். கார்ட்னரிக்கு 22 முதல் 26 டிகிரி சுகம். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் முட்டை குறையும், ஆயுளும் குறையும். அக்டோபரில் தொடங்கினால் முதல் குஞ்சுகள் கோடைக்கு முன்னால் வளர்ந்து நிற்கும்.

கோடைக்குச் சின்ன கிளிப் பேன் ஒன்றை நீர்மட்டத்தின் மேல் ஓடவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். மதுரை மாதிரி வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. சிக்கல் என்னவென்றால் கண்ணாடி மூடி போட்டிருந்தால் பேன் காற்று உள்ளே போகாது. மூடியை எடுத்தால் மீன் வெளியே குதித்துவிடும். அதனால் அலுமினியச் சட்டத்தில் கொசுவலை அடித்து மூடியாகப் போடுங்கள். நீர்மட்டம் விளிம்புக்கு 2 இன்ச் கீழே இருக்கட்டும். ஏர் டியூப் நுழையும் இடைவெளியை மட்டும் விட்டுவிடுவார்கள். கில்லி அந்த விரல் அகல ஓட்டையைத் தேடிக் குதிக்கும். அதில் ஸ்பான்ஜ் துண்டு அடைத்துவிடுங்கள்.

தண்ணீர்: போர் ஒரு பங்கு, ஆர்.ஓ. மூன்று பங்கு. உங்கள் அளவுக்கு டிடிஎஸ் 250 பக்கம் வரும், அது போதும். ஆர்.ஓ.வை மட்டும் ஊற்றாதீர்கள், பிஎச்சைத் தாங்கிப்பிடிக்க அதில் ஒன்றும் இருக்காது, திடீரென்று இறங்கிவிடும். ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப மட்டும் தனி ஆர்.ஓ. ஊற்றுங்கள், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்குகிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும்.

உங்கள் தொட்டி சுமார் 35 லிட்டர். ஓர் ஆண், இரண்டு பெண். இரண்டு ஆணைப் போட்டால் இளைத்ததன் துடுப்பு கிழியும். ஒரே ஒரு பெண் என்றால் ஆண் அதைத் துரத்தியே கொன்றுவிடவும் கூடும். பெண்ணுக்கு நிறம் இல்லாததால் ஆணை மட்டும் தனியாக விற்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஜாவா மாஸ் பாசி ஒரு கைப்பிடி, மேலே மிதக்கும் சால்வீனியா செடி, இரண்டு காய்ந்த பாதாம் இலை. பில்டரைக் குறைத்து வையுங்கள், இந்த மீனுக்கு நீரோட்டம் பிடிக்காது.

முட்டை எடுக்க மாப், அதாவது மீன் முட்டையிட ஒரு நூல்கொத்து, கட்டவேண்டும். பருத்தியும் கம்பளியும் அழுகிவிடும், அக்ரிலிக் நூலே வேண்டும், கரும்பச்சையாக இருந்தால் நல்லது. 20 செ.மீ. அகலப் புத்தகத்தில் 40, 50 சுற்று சுற்றி, ஒரு முனையை இறுகக் கட்டி, மறுமுனையை வெட்டுங்கள். சாயம் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் கொதிக்கவைத்து அலசி, ஒரு தக்கையில் கட்டி மிதக்கவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை எடுத்துப் பிழிந்து, இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடி மணி மாதிரி, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். விரலால் எடுத்தாலும் உடையாது. நசுங்கினால் அது கருவுறாத முட்டை.

மூடியுள்ள தட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் 2 செ.மீ. தொட்டித் தண்ணீர், பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ மருந்து இலேசான வானநிறம் வரும் அளவு மட்டும். தினம் பார்த்து, வெள்ளையானதை டிராப்பரால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் படரும். 24 டிகிரியில் 14 முதல் 21 நாளில் பொரிக்கும்.

கரிசல்மீன்:

பாசிக்குளம் சொன்னது எல்லாம் சரி. ஆனா நோத்தோ மேல ஆசை வந்துட்டா விடாது, அதனால அதையும் சரியாச் செய்யற வழியைச் சொல்லிடறேன்.

பொட்டலத்துல தேதி போட்டிருப்பாங்க. அது விக்கிறவர் வீட்டு வெப்பத்துக்கான கணக்கு. சான்சிபார் தீவோட குந்தெரிங்கிற நோத்தோவுக்கு 24, 25 டிகிரியில ஏறக்குறைய 12 வாரம். உங்க வீட்டுல 30 இருந்தா அதுக்கு முன்னாலயே முத்திடும். தேதியை நம்பித் தண்ணி ஊத்தாதீங்க. பத்து முட்டையை எடுத்து லென்ஸ் வச்சுப் பாருங்க. கரு முட்டையை நிறைச்சு, கண்ணைச் சுத்திப் பொன் வளையம் தெரிஞ்சா தயார். தெளிவாக் கண்ணாடி மாதிரியே இருந்தா பையை மூடி வச்சு இரண்டு வாரம் கழிச்சுப் பாருங்க.

எல்லா முட்டையும் ஒரே நேரத்துல முத்தாது, அதைக் குறைன்னு நினைக்காதீங்க. முதல் மழை பொய்த்து குட்டை மறுபடி காஞ்சா எல்லாக் குஞ்சும் போயிடும். அதனால கொஞ்சம் முட்டை வளர்ச்சியை நிறுத்திக்கிட்டு உறங்கும். முதல் தடவை பொரிச்ச பிறகு பொடியைக் கொட்டிடாதீங்க. பிழிஞ்சு காயவச்சு மூணு நாலு வாரம் கழிச்சு மறுபடி நனைச்சா இன்னொரு ஈடு வரும்.

நனைக்கிற தண்ணி 18 முதல் 20 டிகிரி இருக்கணும். மதுரையில அது குழாயில வராது, ஃபிரிட்ஜ் தண்ணி கலந்து தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. அகலமான தட்டுல பொடியைப் போட்டு 4, 5 செ.மீ. உயரத்துக்கு ஊத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். பொரிச்ச குஞ்சு மேலே வந்து காத்துப்பையை நிரப்பணும். ஆழம் கூடுனா சிலதுக்கு அது முடியாம, அடியிலேயே வயித்தால தவழும். முத்தாத முட்டையையோ முத்திப்போய் ரொம்ப நாள் கிடந்த முட்டையையோ நனைச்சாலும் இதே கதிதான். தவழற குஞ்சு பெரும்பாலும் தேறாது. மறுநாள் காலையில நீந்துற குஞ்சுகளை வலை போடாம கரண்டியால அள்ளி, அதே தண்ணியில வேற டப்பாவுக்கு மாத்துங்க.

அன்னைக்கே உயிர்த்தீனி வேணும். இது முக்கியம், பலருக்கும் முதல் ஈடு போறது இங்கேதான். முட்டையை நனைக்கிற அதே நேரத்துல ஆர்டீமியாங்கிற குட்டி உப்புநீர் இறாலோட முட்டையையும் பொரிக்கப் போட்டுடணும். அரை லிட்டர் தண்ணிக்கு 12 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை, வெளிச்சம், ஏர் பம்ப் குமிழி பலமா. 28 டிகிரியில 24 மணி நேரத்துக்குள்ள வந்துடும். காத்தை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டு, அடியில டார்ச் அடிங்க. ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறப் பூச்சி வெளிச்சத்துக்கு வரும். அதை உறிஞ்சி மெல்லிய துணியில வடிச்சு, நல்ல தண்ணியில அலசிப் போடுங்க. ஓடு குஞ்சு வயித்துல போனா அடைச்சுக்கும். பூச்சி பொரிச்சு ஒரு நாள் ஆனா அதோட சத்து தீர்ந்துடும். அதனால ரெண்டு பாட்டில் வச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள்னு மாத்திப் போட்டா தினமும் புதுசு கிடைக்கும். கார்ட்னரிக் குஞ்சுக்கும் இதேதான், பொரிச்ச நாளிலிருந்தே சாப்பிடும்.

நாலு முதல் ஆறு வாரத்துல அதுங்களே முட்டை வைக்கும். மூடியில ஓட்டை போட்ட டப்பாவுல 2 இன்ச் கோகோ பீட் நிரப்பித் தொட்டி அடியில வைங்க. பீட்டை முன்னாலயே நாலஞ்சு தண்ணியில கொதிக்கவச்சு அலசிடணும், செடிக்குன்னு விக்கிற கட்டியில உப்பு தங்கியிருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை எடுத்து, துணியில பிழிஞ்சு, நியூஸ் பேப்பர்ல பரப்பிக் காய விடுங்க. எவ்வளவு ஈரம்னு கேட்டா, புட்டுமாவுப் பதம். பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும். சொட்டுற ஈரம் இருந்தா அழுகும், மணல் மாதிரிக் காஞ்சா முட்டை குழிஞ்சு செத்துடும். ஜிப் பையில போட்டு இனம், ஊர்ப் பெயர், எடுத்த தேதி எழுதி, வீட்டுலயே குளுமையான இடத்துல வைங்க. சமையல்கட்டும் ஃபிரிட்ஜும் வேண்டாம்.

நோத்தோவை அதிகம் கொல்ற நோய் வெல்வெட். பக்கத்துலிருந்து டார்ச் அடிச்சா உடம்புல பொன்துகள் தூவின மாதிரி மின்னும், துடுப்பை ஒடுக்கிக்கிட்டு செவுளை வேகமா அடிக்கும். வராம இருக்க லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு எப்பவும் இருக்கட்டும். உங்க தொட்டியை 2 இன்ச் குறைச்சு நிரப்பினா தண்ணி சுமார் 30 லிட்டர், அதுக்கு 30 கிராம். தண்ணி மாத்தும்போது மாத்துன அளவுக்கு மட்டும் உப்பு சேருங்க.

குமரித்துறை:

ஆப்பிரிக்கா வரை போகாமல் ஒரு வழி இருக்கிறது. தொட்டியைக் குளிர்விக்கவே முடியாது என்றால் நம் பக்கத்து பான்சாக்ஸ் எடுங்கள். மேலிருந்து பார்த்தால் தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். கேரளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள், கண் வானத்தைப் பார்த்தே இருக்கும். அந்தக் குடும்பமும் கில்லிதான். 32 டிகிரியையும் கொஞ்சம் கடினத் தண்ணீரையும் தாங்கும், பெல்லட்டும் சாப்பிடும். கடைகளில் கோல்டன் ஒண்டர் என்று வருவது இதன் மஞ்சள் வகை. 10 செ.மீ. வரை வளரும், அதற்கு இரண்டு அடித் தொட்டி வேண்டும், கப்பியுடன் போட்டால் குட்டியைத் தின்றுவிடும். சின்னத் தொட்டிக்கு 5 செ.மீ. அளவிலேயே நிற்கும் குட்டை இனங்கள் நம் பகுதியில் உண்டு. அதே மாப், அதே டப்பா, 12 முதல் 14 நாளில் பொரிக்கும்.

மெடாகா என்ற ரைஸ் பிஷ்ஷையும் கில்லி என்று விற்பார்கள். முன்பு கில்லிகளோடு சேர்த்திருந்தார்கள், இப்போது உயிரின வகைப்பாட்டில் வேறு வரிசையில் வைத்திருக்கிறார்கள். நல்ல மீன்தான், ஆனால் நீங்கள் கேட்பது அதை அல்ல.

தாமிரபரணி2:

இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். கார்ட்னரி முட்டை பத்தில் ஆறு, ஏழு வெள்ளையாகிவிடுகிறது. மீதியில் கண் தெரிகிறது, 25 நாள் ஆகியும் பொரிக்கவில்லை. தீனி முழுக்க பெல்லட்தான்.

பாசிக்குளம்:

முதல் காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. பெல்லட்டில் மட்டும் இருக்கும் ஜோடியின் முட்டை பெரும்பாலும் கருவுறாது. ஜோடியைப் பத்து நாள் தனித்தனியாக வைத்து, கொசுப்புழு, மொய்னா என்ற சிறு நீர்ப்பூச்சி, உறைந்த பிளட்வோர்ம் என்ற சிவப்புப் புழு என மாற்றி மாற்றிக் கொடுங்கள். கொசுப்புழுவை அன்றே தின்று தீரும் அளவுக்கு மட்டும் போடுங்கள். குளத்துத் தீனியைக் குஞ்சுத் தொட்டியில் நேராகக் கொட்டாதீர்கள், தும்பியின் இளம்புழு ஒன்று கலந்து வந்தாலும் ஒரு ஈட்டையே தின்றுவிடும். பிறகு ஜோடி சேர்த்த முதல் வார முட்டையைக் கணக்கில் எடுக்காமல் அடுத்ததை எண்ணிப் பாருங்கள். அப்போதும் பாதி வெளுத்தால் ஆணை மாற்றிப் பார்க்கவேண்டும். மாற்றும்போது அதே ஊர் வகையாக இருக்கட்டும். கார்ட்னரியில் நிசுக்கா, மிசாஜே, அக்குரே என்று ஊர்ப் பெயரோடு வருபவை தனித்தனி வகைகள், கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

கண் தெரிந்தும் பொரிக்கவில்லை என்பதால் முட்டை செத்துவிட்டதாக அர்த்தமில்லை. உள்ளே கரு புரண்டால் அது முழுதாக வளர்ந்து, முட்டை ஓட்டை உடைக்கக் காத்திருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போதுதான் ஓட்டைக் கரைக்கும் நொதி வெளிவரும். நீங்கள் டப்பாவில் தினமும் புதுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சைகையே அதற்குக் கிடைக்காது. சின்ன மருந்துக் குப்பியில் பாதிக்கு மருந்து கலக்காத பழைய தொட்டித் தண்ணீர் விட்டு, அந்த முட்டைகளைப் போட்டு, ஸ்ட்ரா வழியாகப் பத்து முறை மூச்சை ஊதி மூடுங்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுங்கள், மணிக்கு ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வால் வெளியே வரும். பொரித்ததும் உடனே அகலமான டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், குப்பியிலேயே விட்டால் மூச்சுத்திணறிச் சாகும். ஆர்டீமியாவை முந்தின நாளே போட்டுவைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.