ஆட்சியைக் கவிழ்த்தால் பயங்கரவாதம் அடங்குமா? காபூலும் பாக்தாத்தும்

மேற்குவாசல்:
2001-இல் ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சியை அமெரிக்கா கவிழ்த்தது சரிதான். ஈராக்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். 1998-இல் நைரோபி, தார் எஸ் சலாம் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்ததும், ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் பகுதியில் இருந்த அல்-கொய்தா முகாம்கள் மேல் அமெரிக்கா ஏவுகணை விட்டது. பலனில்லை. 1999 அக்டோபரில் ஐ.நா. 1267-ஆம் தீர்மானம் போட்டு அல்-கொய்தா தலைவர் பின் லேடனை ஒப்படைக்கச் சொன்னது. அதற்கும் தாலிபான் மசியவில்லை. அப்புறம்தான் அமெரிக்கா மேல் செப்டம்பர் 11 தாக்குதல். இனி என்ன மிச்சம் இருந்தது?

வேப்பநிழல்:
ஆளைப் பிடிக்கும் வேலை மிச்சம் இருந்தது. அந்தத் தாக்குதலுக்கு மறுநாள் ஐ.நா. போட்ட 1368-ஆம் தீர்மானம் தற்காப்பு உரிமையை ஏற்றதே தவிர, ஆட்சியைக் கலைக்கச் சொல்லவில்லை. அக்டோபர் 7-இல் குண்டுவீச்சு, நவம்பர் 13-இல் காபூல் விழுந்தது. ஐந்தே வாரம். ஆனால் டிசம்பரில், பின் லேடன் பதுங்கிய தோரா போரா மலைக் குகைகளில் நடந்ததைப் பாருங்கள். தரையில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் கொஞ்சம் பேர்தான். மீதி உள்ளூர்த் தளபதிகளின் கூலிப்படை. பாகிஸ்தான் பக்கக் கணவாய்களை அடைக்க அமெரிக்கா தன் படையை அனுப்பவில்லை. பின் லேடன் நழுவிவிட்டார். பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் சிக்க 2011 மே வரை ஆனது.

மேற்குவாசல்:
அது செய்த விதத்தில் கோளாறு. செய்ததே தப்பு என்று ஆகாது. 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியது. மறு வருஷம் ஜூலையில், பின் லேடனுக்குப் பிறகு அல்-கொய்தா தலைவரான ஜவாஹிரி காபூல் நகருக்குள்ளேயே வீடு பிடித்துத் தங்கியிருந்தார். வீட்டுக்காரன் வந்தான், விருந்தாளியும் வந்தான்.

வேப்பநிழல்:
அந்த ஜவாஹிரியைக் கொல்ல ஆட்சியைக் கவிழ்த்தார்களா? ட்ரோன் போதுமானதாக இருந்தது, சார்.

கணக்குப்பிள்ளை:
ஈராக்கை ஒதுக்கிவிட்டு இதைப் பேசவே முடியாது. சதாமுக்கும் அல்-கொய்தாவுக்கும் கூட்டுச் செயல்பாடு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று செப்டம்பர் 11 விசாரணை ஆணையமே சொல்லிவிட்டது. பயங்கரவாதம் அங்கே 2003 அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு பெருகியது. எப்படி என்று கேட்டால், இரண்டு உத்தரவுகள். 2003 மே 16, ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பிரெமரின் முதல் உத்தரவு: சதாமின் பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலையில் இருந்தவர்களுக்கு அரசு வேலை இல்லை. வேலைக்காகக் கட்சி அட்டை வாங்கிய வாத்தியார்களும் இதில் மாட்டினார்கள். மே 23, இரண்டாவது உத்தரவு: ராணுவம் கலைப்பு. சுமார் 3.85 லட்சம் பேர் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போனார்கள், சம்பளம் இல்லாமல். ஒரு மாதம் கழித்துத்தான் உதவித்தொகை அறிவித்தார்கள், அதுவும் ஆர்ப்பாட்டம் வெடித்த பிறகு. போதாக்குறைக்கு ஆயுதக் கிடங்குகளுக்குக் காவலே இல்லை. அல் காக்கா என்ற கிடங்கில் சர்வதேச அணுசக்தி முகமை முத்திரை வைத்திருந்த 340 டன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்து காணாமல் போனது. ஐஎஸ் அமைப்புக்குக் கட்டுக்கோப்பு போட்டுக்கொடுத்த ஹாஜி பக்ர், சதாம் படையில் கர்னல்!

மேற்குவாசல்:
ஈராக்குக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆப்கானிஸ்தானில் மாற்று வழி என்ன என்றுதான் கேட்கிறேன்.

வேப்பநிழல்:
லிபியா. 1988-இல் லாக்கர்பி மேலே விமானம் வெடித்து 270 பேர் செத்தார்கள். லிபிய ஆட்சியாளர் கடாஃபியைக் கவிழ்க்கவில்லை. 1992-இல் ஐ.நா. விமானப் போக்குவரத்துத் தடை. 1993-இல் சொத்து முடக்கம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு உதிரிபாகங்களுக்குத் தடை. எண்ணெய் விற்பனையைத் தொடவில்லை. ஆலை தேயட்டும் என்று விட்டார்கள். 1999-இல் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரை கடாஃபி ஒப்படைத்தார். நெதர்லாந்தில் வைத்து ஸ்காட்லாந்து நீதிமன்றம் விசாரித்தது. 2003-இல் பொறுப்பேற்றுக் கடிதம், இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 1 கோடி டாலர் இழப்பீடு. அதையும் தவணையாக வைத்தார்கள்: ஐ.நா. தடை போனால் 40 லட்சம், அமெரிக்கத் தடை போனால் 40 லட்சம், பயங்கரவாதப் பட்டியலிலிருந்து பெயர் போனால் 20 லட்சம்.

மேற்குவாசல்:
பதினோரு வருஷம்! அதோடு, கடாஃபியிடம் தேய்வதற்கு ஆலை இருந்தது. தாலிபான் தலைவர் முல்லா ஒமரிடம் என்ன இருந்தது? 1267-ஆம் தீர்மானம் தடுத்ததே ஆப்கானிஸ்தானின் ஆரியானா விமானங்களையும் வெளிநாட்டு வங்கிப் பணத்தையும்தான். அதை இழந்து கவலைப்படுகிற ஆளா அவர்?

கணக்குப்பிள்ளை:
இது நியாயமான கேள்விதான். ஆனால் படிந்து வந்த அதே கடாஃபியை 2011-இல் கவிழ்த்தார்கள். அவர் கிடங்குகளின் ஆயுதம் அடுத்த வருஷமே மாலியில் வெடித்தது. இனி எந்தச் சர்வாதிகாரி தவணைப் பேச்சுக்கு வருவான்?

மேற்குவாசல்:
அதற்கு என்னிடமும் பதில் இல்லை. முல்லா ஒமர் விஷயத்துக்கு உங்களிடம் இருக்கிறதா?