சம்பா வயல் கருஞ்சேறும் எரிமலை வெந்நீர் ஊற்றும்

திருத்துறைப்பூண்டி வயக்காரன்:
தக்கைப்பூண்டை மடக்கி உழுது, வாய்க்காலில் தண்ணி இருக்கேன்னு அஞ்சாம் நாளே நட்டுட்டேன். இப்ப இருபது நாள். கால் வைக்கிற இடமெல்லாம் குமிழி, அழுகின முட்டை நாத்தம். பயிர் பச்சை கட்டலை. ஒரு குத்தைப் பிடுங்கி அலசினா, துருநிறமா இருக்க வேண்டிய வேர் மை தோய்ச்சமாதிரி கறுப்பு. நுண்ணுயிரியல் படிக்கிற மகள், "ஆக்சிஜனுக்குப் பதிலா சல்பேட்டைச் சுவாசிக்கிற பாக்டீரியாப்பா இது, எரிமலை வெந்நீர் ஊற்றுலயும் இதே வேலைதான் நடக்குது"ன்னு சொல்றா. கொதிக்கிற தண்ணியில வாழுறது என் வயல்ல எப்படி வாழும்?

மன்னார்குடி ஆசிரியை:
ஐயா, ஊற்றில் இருப்பது உங்கள் வயலில் வாழாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் கிடைத்த தெர்மோடீசல்ஃபோவிப்ரியோ என்ற பாக்டீரியாவுக்கு 65 டிகிரி வேண்டும். இத்தாலியில், வல்கானோ தீவுக் கடலடி ஊற்றில் எடுத்த ஆர்க்கியோகுளோபஸுக்கு 83 டிகிரி. அது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர். 1997-இல் அதன் ஜீனோமை, அதாவது மொத்த டிஎன்ஏவை, முழுசாக வாசித்தார்கள், ஏறக்குறைய 22 லட்சம் டிஎன்ஏ எழுத்து. அதிலும், வயல் சேற்றில் வாழும் டீசல்ஃபோவிப்ரியோவின் ஜீனோமிலும் ஒரே கருவிப்பெட்டி இருக்கிறது. சாட் என்ற மரபணு சல்பேட்டைத் தயார் செய்யும், ஏபிஆர் என்ற மரபணு அதை சல்பைட் ஆக்கும், டிஎஸ்ஆர் என்ற மரபணு அந்த சல்பைட்டை அழுகின முட்டை நாற்றம் தரும் சல்பைடாக முடிக்கும். உங்கள் மகள் சொன்னது இதைத்தான். எனக்கு டிஎஸ்ஆர் மேல் தனி மரியாதை. கிருமியை வளர்க்காமலே, மண்ணின் டிஎன்ஏவில் அந்த மரபணுவைத் தேடினால் சல்பேட்டைச் சுவாசிப்பவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்த சல்பைடு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்துதான் சேறு கறுக்கிறது. இரும்பு போதாமல் போனால் மிச்ச சல்பைடு வேரைத் தாக்கும். மட்காத தக்கைப்பூண்டு அந்த பாக்டீரியாக்களுக்கு நல்ல விருந்து. அம்மோனியம் சல்பேட் உரம் மட்டும் இப்போது போட்டுவிடாதீர்கள், அதிலும் அவை சுவாசிக்கும் சல்பேட்தான் இருக்கிறது.

வலங்கைமான் பெரியவர்:
தம்பி, தண்ணிய வடி. மழை விட்டிருக்கு, நல்ல நேரம். மயிரிழை வெடிப்பு விட்டதும் திரும்பப் பாய்ச்சு. காய்ச்சலும் பாய்ச்சலுமா விட்டாத்தான் வேர் மூச்சு விடும். அடுத்த வருசம் உழுது பத்து நாளாச்சும் பொறு.

திருத்துறைப்பூண்டி வயக்காரன்:
ஐயா, மடைய அடைச்சு வடிகாலைத் திறந்துட்டேன். இன்னைக்கு ஆறாம் நாள், நாத்தம் இல்ல. பிடுங்கின குத்துல கறுப்பு வேருக்கு நடுவே நாலஞ்சு வெள்ளை வேர், சுண்டுவிரல் நீளம். டீச்சரம்மா, முதல்நாள் வரப்புல அப்பின கருஞ்சேறு வெயில்ல துருநிறமா மாறிப்போச்சு. இரும்பு வெளிய வந்துருச்சுன்னு மகள் சொல்லி, அதுல ஒரு கட்டியைக் காகிதத்துல மடிச்சு எடுத்து வெச்சிருக்கா.