தோட்டப் பள்ளி ஆய்வுக்கு மொழிபெயர்ப்பாளர் இருவர் தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் தலைமையாசிரியரின் கற்பித்தல் தலைமைத்துவம் பற்றிய முதுகலை ஆய்வுக்கு உதவி வேண்டும். கருவி, பிலிப் ஹாலிங்கர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய பிஐஎம்ஆர்எஸ் (தலைமையாசிரியரின் கற்பித்தல் தலைமைத்துவத்தை ஆசிரியர்கள் மதிப்பிடும் வினாநிரல்): 3 பரிமாணங்கள், 10 பணிகள், 50 கூற்றுகள், 5 புள்ளி அளவுகோல்.

தமிழாக்கம் தயார். மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க இருவர் வேண்டும், தனித்தனியாக. ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தால் மிக நல்லது. கருவியில் வரும் ‘சூப்பர்வைஸ்’ என்பதற்குக் ‘கண்காணித்தல்’ என்று போட்டால், குற்றம் பிடிக்க வருவதாகவே படுகிறது. ‘மேற்பார்வை’ என்றாலோ, வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து பார்ப்பது என்ற பொருள் நழுவிவிடுகிறது. சரியான சொல் என்ன?

இன்னொரு சிக்கல். 150 மாணவருக்கும் குறைவான பள்ளியில் ஆசிரியர்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர்தான். பாலினம், வயது, பணிக்காலம் மூன்றையும் கேட்டால் யார் எழுதியது என்று தெரிந்துபோகும். பயத்தில் வரிசையாக 4 போட்டுவிடுவார்கள். பணிக்காலத்தை மட்டும், 10 ஆண்டுப் பிரிவுகளாகக் கேட்டால் போதுமா? நிரப்பிய தாளை ஒட்டி மூடிய உறையில் வைத்து, தலைமையாசிரியர் கைபடாமல் திரட்டியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

பள்ளிகளில் ஆய்வு நடத்த அனுமதி கேட்கும் கல்வி அமைச்சின் ஈராஸ் விண்ணப்பத்தோடு வினாநிரலும் போக வேண்டும். அதனால் சொற்களை அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். முடிந்தவர்கள் இங்கேயே பதில் போடுங்கள்.