மரமேறும்போது கூடுதல் கருவிகளை எப்படிக் கொண்டு செல்கிறீர்கள்? மதுரை வட்டாரத்து அனுபவங்கள்

திருப்பரங்குன்றத்திலிருந்து, கிளை கழிக்கும் குழுவை நடத்துபவர்

மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக் கூரைகளின்மேல் சாய்ந்துவிட்ட வேம்பு, வாகை, ஆல் ஆகியவற்றின் கிளைகளைக் கழித்துப் பத்திரமாகக் கீழே இறக்குவது எங்கள் குழுவின் தொழில். மரத்தில் ஏறுகிறவர் எவற்றைத் தம் உடம்பில் சுமக்க வேண்டும், எவற்றைக் கீழே விட்டுச் சென்று பிறகு கயிற்றில் வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்பது குறித்து இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சில இடுப்புகளும் சில உயிர்களும் தப்பும் என்று உறுதியாக நம்புவதால் இதைத் தொடங்குகிறேன்.

சுமையைக் கணக்கிடும்போது கயிற்றைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஏறுவதற்குப் பயன்படும் 12 மில்லிமீட்டர் கயிறு மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ளது. ஆகவே 30 மீட்டர் கயிறு மட்டுமே 3 கிலோ ஆகிவிடுகிறது. மரத்தின் மேல் பயன்படுத்தும் சிறிய பெட்ரோல் வாள், எண்ணெயும் சங்கிலி ஓடும் பட்டையும் சேர்ந்தால் 4 கிலோவைத் தாண்டும். ஹார்னஸ் (உடலைத் தாங்கும் பட்டைக் கச்சை), தலைக்கவசம், கைவாள், இரும்புக் கொக்கிகள், தண்ணீர் எல்லாம் சேரும்போது, முதல் கிளையைத் தொடுவதற்கு முன்பே ஏறுகிறவரின்மேல் 10 கிலோவுக்குமேல் ஏறிவிடுகிறது. மே மாதத்து மதுரை வெயிலில் இந்தச் சுமையுடன் உச்சிக்குப் போய்ச் சேர்பவர், வெட்ட வேண்டிய நேரத்தில் கை நடுங்கியபடி நிற்பார்.

அழகர்கோவில் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் வாகை மரம் கழித்தபோது, எங்களோடு புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பெட்ரோல் வாளை இடப்பக்க இடுப்பிலும் சுற்றிய கயிற்றை வலப்பக்கத்திலும் மாட்டிக்கொண்டு ஏறினார். இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் தரையில் நிற்கும்போது அது சரியாகவே தோன்றியது. குறுகலான கவை ஒன்றில் உடலைத் திருப்ப முயன்றபோது, ஒரு பக்கம் வாளும் மறுபக்கம் கயிறும் சிக்கி, அவரால் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கீழே நின்ற மூத்தவர் அவரை அசையாமல் இருக்கச் சொல்லி, மெல்லிய கயிறு ஒன்றை மேலே எறிந்து, சுற்றிய கயிற்றை முதலில் அதில் கட்டி இறக்கச் செய்தார். அதன்பிறகே வாளை விடுவிக்க முடிந்தது.

அன்று முதல் எங்கள் குழுவில் முன்பக்கம் எதையும் மாட்டுவதில்லை. பக்கவாட்டில் மாட்டுபவை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கனமானவை பின்னிடுப்பின் நடுவிலிருந்து தொங்க வேண்டும். கைவாள் மட்டும் உறையோடு தொடையில் கட்டப்பட்டிருக்கும். பெட்ரோல் வாளைச் சுமந்துகொண்டு யாரும் ஏறுவதில்லை. ஏறுகிறவர் மரத்தில் தம்மைக் கட்டிக்கொண்டு நிலையாக அமர்ந்த பிறகு, அது எஞ்சின் அணைக்கப்பட்டு, சங்கிலித் தடை போடப்பட்ட நிலையில் கயிற்றில் மேலே வருகிறது.

அந்தக் கயிறு மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்குக்குமேல் நீளமாக இருக்க வேண்டும். கவையில் ஒரு சிறு கப்பியை மாட்டி அதன் வழியாகக் கயிற்றைச் செலுத்தினால், இரு முனைகளும் தரையில் இருக்கும். இழுக்கும் வேலை முழுவதையும் கீழே நிற்பவரே செய்துவிடலாம். மேலே இருப்பவர் தம் கைகளால் இழுத்து இழுத்துச் சோர்ந்து போவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அது தேவையற்றது. இழுப்பவர் கப்பிக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. 15 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஒரு கருவி, தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும்.

மதுரையில் வசிப்பவர், சொந்த ஊர் சாயல்குடிப் பக்கம்

தங்கள் பதிவு மிகவும் பயனுள்ளது. ஆயினும் கயிறு இழுப்பதற்குக் கீழே ஓர் ஆள் இருக்கிறார் என்பதை அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. என் தந்தையும் அவருடைய அண்ணன்மாரும் பனையேறிகள். ஒரு நாளில் காலையும் மாலையுமாக அதே மரங்களில் இருமுறை ஏறி இறங்குபவருக்கு, மரத்துக்கு மரம் உதவியாளரை நிறுத்த வழியில்லை. தேவையான அனைத்தும் அவருடைய இடுப்பிலேயே இருந்தாக வேண்டும்.

அதற்காகவே இருப்பது அரிவாள்பெட்டி. பாளை சீவும் அரிவாள், பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் கடிப்பு, கலயத்தின் உட்புறம் தடவுவதற்கான சுண்ணாம்பு ஆகியவை அதற்குள் இருக்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதால், அது கருவிகளுக்குச் சமமான தேவை. எங்கள் வீட்டுப் பெட்டியில் அரிவாளுக்கென்று தனித் தடுப்பு உண்டு. மற்ற பொருளின்மேல் உரசினால் அதன் கூர் கெட்டுவிடும், கூர் கெட்ட அரிவாள் பாளையைப் பிய்த்துவிடும். பெட்டி ஆழமாக இருப்பதால், மட்டைகளுக்கிடையே உடம்பை எவ்வளவு வளைத்தாலும் உள்ளே இருப்பது வெளியே வராது. பின்னிடுப்பில் சற்று வலப்பக்கமாகக் கட்டியிருப்பார்கள். பார்க்காமலேயே கை அங்கே போகும்.

கிளை கழிப்பவர்களிடமிருந்து பனையேறி வேறுபடும் இடம் ஒன்று உண்டு. தாங்கள் சுமையோடு ஏறி, வேலை முடிந்து சுமை குறைந்து இறங்குகிறீர்கள். பனையேறி வெறும் குடுவையோடு ஏறி, பதநீர் நிறைந்த குடுவையோடு இறங்குகிறார். உடம்பு களைத்திருக்கும் வேளையில் சுமை கூடுகிறது. அந்தச் சுமை தளும்பவும் செய்கிறது. தளைநாரில் கால்களைக் கோத்து, மார்பை மரத்தோடு அணைத்து இறங்கும்போது குடுவை முன்பக்கம் வந்துவிட்டால் மரத்துக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி விழும், அணைப்பு தளரும். ஆகவே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே குடுவையைப் பின்னுக்குத் தள்ளி, அது ஆடாமல் நிற்கும்வரை காத்திருப்பார் என் தந்தை. அவசரப்படுத்தும் எவருக்காகவும் அவர் அந்தச் சில நொடிகளை விட்டுக்கொடுத்ததில்லை.

நத்தம் சாலையிலிருந்து, புளி மகசூல் எடுப்பவர்

நெடுஞ்சாலை ஓரத்துப் புளிய மரங்களின் மகசூலை ஏலத்தில் எடுத்து உலுக்குகிறோம். எங்களுக்குக் கனத்தைவிட நீளமே தொல்லை. நுனியில் கொக்கி உள்ள நீண்ட கழியான துரட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற முடியாது. தோளில் சாய்த்தாலும் சிம்புகளில் மாட்டும். அதனால் மெல்லிய கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் ஆள் ஏறிவிடுகிறார். பிறகு துரட்டி வருகிறது.

இதில் கயிற்றை எந்த முனையில் கட்டுவது என்பது முக்கியம். ஏற்றும்போது கொக்கி உள்ள முனை மேலே இருக்க வேண்டும். அப்போது கொக்கியின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் கிளைகளைத் தொட்டாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அடிமுனையில் கட்டி இழுத்தால் கொக்கியின் வாய் மேல்நோக்கித் திரும்பி, வழியிலுள்ள ஒவ்வொரு கிளையையும் பற்றிக்கொள்ளும். இறக்கும்போது இது தலைகீழாகும்: அடிமுனையில் கட்டி, கொக்கி கீழே இருக்கும்படி விட வேண்டும். கொக்கி கூராக இருப்பதால், பழம் பொறுக்கும் பெண்கள் அனைவரும் விலகிய பிறகே இறக்குகிறோம்.

மின்கம்பி செல்லும் இடங்களில் அலுமினியக் கழியைப் பயன்படுத்துவதே இல்லை. நனைந்த மூங்கிலையும் அங்கே நம்ப மாட்டோம். முசுறு எறும்பு உள்ள மரமாக இருந்தால் இடுப்பில் ஒரு சிறு பையில் சாம்பல் வைத்துக்கொள்வோம்.

சோழவந்தானிலிருந்து, தென்னை ஏறுபவர்

நான் மரமேறும் கருவியின் உதவியோடு தென்னை ஏறும் பெண். இக்கருவியில் இரண்டு கைகளும் மாறி மாறிக் கைப்பிடிகளிலேயே இருக்கும் என்பதால் கையில் எதையும் வைத்திருக்க முடியாது. அரிவாளைப் பின்னிடுப்பில் மர உறையில் செருகி, அதன் பிடியை ஒரு கயிற்றால் மணிக்கட்டு அளவுக்கு வளையமிட்டு இடுப்புப் பட்டையோடு இணைத்திருக்கிறேன். குலையை வெட்டும்போது கை வழுக்கினாலும் அரிவாள் கீழே விழாது. கொண்டை சுத்தம் செய்யும் நாளில் காண்டாமிருக வண்டை எடுக்கும் கம்பியும், குருத்தில் இட வேண்டிய மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்த பையும் கூடுதலாகச் சேர்கின்றன. பையைத் தோளில் மாட்டினால் கழுத்துப் பக்கம் இழுக்கிறது. ஆகவே அதையும் இடுப்புக்கே மாற்றிவிட்டேன். கருவிகளை மாட்டுவதற்குக் கடைகளில் கிடைக்கும் சிறிய கொக்கிகள் போதுமா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து மீண்டும்

சகோதரி கேட்ட கேள்விக்கு விடை: அரிவாளையும் பையையும் தாங்குவதற்கு அவை போதும், உடலைத் தாங்குவதற்கு ஒருபோதும் போதாது. சாவிக்கொத்துக்கென்று விற்கப்படும் கொக்கியும் ஆளைத் தாங்கும் காரபைனரும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன. ஆளைத் தாங்கும் கொக்கியில் அதன் வலிமை கிலோநியூட்டன் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பொறிப்பு இல்லாததை உடலோடு இணைக்கும் கயிற்றில் மாட்டக் கூடாது. ஹார்னஸின் ஓரங்களிலுள்ள கருவி வளையங்களும் அப்படித்தான்: அவை கருவிகளுக்கு மட்டுமே உரியவை.

சாயல்குடி நண்பர் சொன்ன அரிவாள்பெட்டியை எங்கள் ஆட்களுக்குக் காட்டி, கைவாள் உறையின் ஆழத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். தனியாக ஏறுகிறவருக்கு என் முறை பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; அவருக்கு அந்தப் பெட்டியே சரி.

கொக்கிகளைப் பொறுத்தவரை, கருவிகளுக்கானவை அனைத்துக்கும் நாங்கள் சிவப்பு வண்ணம் பூசிவிடுகிறோம். ஏறுகிறவர் தரையை விட்டுக் காலெடுப்பதற்கு முன், கயிறு இழுக்கப் போகிறவர் அவரைச் சுற்றி வந்து, உடலைத் தாங்கும் இடங்களில் சிவப்பு எதுவும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.