ஸ்கை தீவில் கேலிக் இடப்பெயர்களை எழுதி வைப்பது எப்படி?

மீனா_ஸ்கை:
ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், வடக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது, வீட்டில் பேசுவது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்தான். பாறை, ஓடை, மேய்ச்சல் மேடு என்று எதைக் காட்டினாலும் ஒரு பெயர் சொல்கிறார். பாதிக்கு மேல் வரைபடத்தில் இல்லை. இருப்பதும் அவர் சொல்கிற மாதிரி இல்லை. அவர் பிள்ளைகள் ஊரில் இல்லை, கேட்டு வைக்க வேறு ஆளும் கிடையாது. எந்த எழுத்துக்கூட்டலைச் சரி என்று எடுப்பது? பெயர் வந்த வழியை எங்கே தேடுவது?

ரங்கநாதன்:
எழுத்துக்கூட்டலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் மீனா. முதலில் அவர் குரல். முடிந்தால் அந்த இடத்திலேயே நிற்க வைத்துப் பதிவு செய்யுங்கள். பெயரைத் தனியாக ஒரு தரம், பேச்சோடு பேச்சாக ஒரு தரம். கேலிக்கில் இலக்கணத்துக்கு ஏற்பச் சொல்லின் முதல் எழுத்தே மாறும். 'பெரிய' என்று பொருள்படும் 'மோர்' சில இடத்தில் 'வோர்' ஆகிவிடும். தனியாகக் கேட்டால் பிடிபடாதது வாக்கியத்தில் பிடிபடும்.

தமிழில் குறித்துக்கொள்ளலாம் என்று கை போகும். குறியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நம் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கு நிற்கிறது. கேலிக்கிலோ வல்லினத்துக்கு முன்னால் ஒரு மூச்சொலி வேறு வரும். மகனைக் குறிக்கும் 'மாக்' காதில் 'மாஹ்க்' என்று விழும்.

அப்புறம் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனத்தின் பெயர்ப் புத்தகங்கள். ஸ்கை அடங்கிய இன்வர்னஸ்-ஷயர் புத்தகங்கள் 1876-78 காலத்தவை. பெயர், அது எழுதப்பட்ட வெவ்வேறு விதங்கள், ஒவ்வொன்றையும் சொன்னது யார், இடத்தின் விவரம் என்று பத்தி பத்தியாக இருக்கும். 'சொன்னது யார்' என்ற பத்தியைக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலும் பாதிரியார், பண்ணை மேலாளர், பள்ளி ஆசிரியர். அந்த மேட்டில் மாடு மேய்த்தவர் பெயர் அபூர்வமாகத்தான் வரும். அதனால் உங்கள் பெரியவர் சொல்வது புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அவரைத் திருத்தாதீர்கள். இரண்டையும் அப்படியே, ஆண்டோடும் ஆளோடும் எழுதுங்கள்.

கடல்மேடு:
பெயர் வந்த வழிக்குத் தனிப் பத்தி போடுங்கள், கடைசியில் நிரப்புங்கள். ஸ்கையில் எல்லாமே கேலிக் இல்லை. கார்போஸ்ட், ஸ்கீபோஸ்ட் என்ற இரண்டு ஊர்ப்பெயர்களிலும் உள்ள 'போஸ்ட்', பண்ணையைக் குறிக்கும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் விட்டுப்போனது. கேலிக் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஏதாவது ஒரு சொல் பொருந்துகிற மாதிரித் தெரியும், அழகான கதையும் கிடைக்கும், எல்லாம் தப்பாக இருக்கும்.

இடத்தைப் போய்ப் பார்ப்பதும் ஆதாரம்தான். 'ஆரி' என்று முடிகிற பெயர் கோடைக்கால மேய்ச்சல் குடிலைக் காட்டலாம். அங்கே பழுப்பு ஹெதர் புதருக்கு நடுவில் பச்சைத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மாட்டுச் சாணம் விழுந்த மண், இன்னும் புல் செழித்துக் கிடக்கும். பக்கத்தில் குடிலின் அடிக்கற்களும் கிடைத்தால் உங்கள் யூகத்துக்கு வலு வந்துவிடும். இல்லையென்றால் 'யூகம்' என்றே எழுதி வையுங்கள்.

மீனா_ஸ்கை:
நன்றி இருவருக்கும். ஒரே பாறைக்கு அவர் ஒரு பெயரும் அவர் தங்கை வேறு பெயரும் சொல்கிறார்கள். எதை எடுப்பது? எழுதியதை யாரிடம் கொடுப்பது?

ரங்கநாதன்:
இரண்டையும் எடுங்கள். தங்கை திருமணமாகிப் போன ஊர் எது என்றும் கேளுங்கள். மலையின் அந்தப் பக்கத்துக்காரர்கள் வேறு பெயர் வைத்திருப்பது சகஜம். ஒவ்வொரு பெயருக்கும் வரைபடக் கட்ட எண் போடுங்கள், 'ஓடைக்குப் பக்கத்தில்' என்பது போதாது.

கொடுப்பதற்கு உங்கள் தீவிலேயே ஆள் இருக்கிறார்கள். தெற்கே ஸ்லேட் என்ற பகுதியில் உள்ள ஸவுல் மோர் ஓஸ்டிக் கல்லூரியில்தான் ஸ்காட்லாந்தின் கேலிக் இடப்பெயர் அமைப்பு இயங்குகிறது. வரைபடத்துக்கும் சாலைப் பலகைக்கும் எந்த எழுத்துக்கூட்டல் என்று ஆலோசனை சொல்வது அவர்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் பெரியவரிடமும் தங்கையிடமும், குரல் பதிவை வெளியே கொடுக்கலாமா என்று கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.