மேட்டுல மட்டும் வண்டி இழுக்கல, இன்ஜெக்டரைக் கழற்றணுமா?

அரசலாறு:
கும்பகோணம் வண்டி. 2014 மாடல், 1.3 லிட்டர் டீசல், விஜிடி டர்போ (உள்ள இருக்கிற இதழ் திரும்பி காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை), 1,18,000 கி.மீ. தஞ்சாவூர் ரோட்டுல 80-ல போனா ஒரு குறையும் இல்ல. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவுல பத்தைத் தாண்டுறதுக்குள்ள மூச்சு நின்னுடுது. ரெண்டாவது கியர்லயே 2,500 ஆர்பிஎம் தாண்டல, ஆக்சிலேட்டரைத் தரையோட அழுத்தினாலும் பலனில்ல. ஓரங்கட்டி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா ரெண்டு கி.மீ. நல்லா ஏறுது, அப்புறம் பழையபடிதான். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் போன மாசம் மாத்தினது. டீசலைப் பீய்ச்சுற நாலு இன்ஜெக்டரையும் கழற்றி சர்வீஸ் பண்ணச் சொல்றாங்க ஒர்க்‌ஷாப்புல. செய்யலாமா?

டீசல் வாத்தியார்:
இன்ஜெக்டர்ல இப்போதைக்குக் கை வைக்க விடாதீங்க சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுதுன்னு எழுதியிருக்கீங்களே, விடையே அதுலதான் இருக்கு. இன்ஜின் கம்ப்யூட்டர் டர்போகிட்ட இவ்வளவு காற்றழுத்தம் வேணும்னு கேக்குது, அது வரல, உடனே பவரைக் குறைச்சிடுது. சாவியைத் திருப்பினா அந்தக் கட்டுப்பாடு நீங்கிடும். இன்ஜெக்டர் கெட்டிருந்தா ஐடிலிங்ல அதிரும், காலையில ஸ்டார்ட்டிங் இழுக்கும், சமதரையிலயும் தெரியும்.

சமதரையில 80-ல போக டர்போவுக்கு வேலை கொஞ்சம்தான். அதான் குறை வெளிய தெரியல.

இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிறதைப் போன்ல காட்டுற ஓபிடி புளூடூத் கருவி ஒண்ணு வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகுங்க. டேஷ்போர்டுல இன்ஜின் விளக்கு எரியலைன்னாலும் பிழைக் கோடு (code) பதிவாகியிருக்கலாம். பி0299 வந்தா காற்று பக்கம், பி0087 வந்தா டீசல் பக்கம். நம்ம பக்கம் மலை இல்லைன்னு கவலை வேண்டாம். நாலு பேரை ஏத்திக்கிட்டு ஆளில்லாத நேரான ரோட்டுல மூணாவது கியர்ல 1,500-லேர்ந்து 3,500 வரைக்கும் முழுசா அழுத்துங்க, பக்கத்துல இருக்கிறவர் போனைப் பார்க்கட்டும். மேனிஃபோல்ட் பிரஷர், அதாவது இன்ஜினுக்குள்ள போற காற்றோட அழுத்தம், ஐடிலிங்ல 100 கிலோபாஸ்கல் பக்கம் இருக்கும், முழு அழுத்தத்துல 200-ஐத் தொடணும். ரெயில் பிரஷர்ல, அதாவது இன்ஜெக்டருக்குப் போற டீசல் அழுத்தத்துல, கம்ப்யூட்டர் கேட்டதும் வந்ததும் ஒட்டியே போகணும். ரெயில் விழுந்தா புது ஃபில்டரோட ஓ-ரிங் காத்து இழுக்குதான்னு பாருங்க.

பூதலூரான்:
கிளட்ச் தேஞ்சாலும் மேட்டுல இழுக்காதே?

டீசல் வாத்தியார்:
கிளட்ச் வழுக்கினா ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது. இவருக்கு ஆர்பிஎம்மே ஏறல.

அரசலாறு:
பி0299 இருக்கு. ரெயில் ஒட்டியே போகுது. மேனிஃபோல்ட் 150-ஐத் தாண்டல.

வெண்ணாற்றங்கரை:
அப்போ முதல்ல எலியைத் தேடுங்க. அறுப்பு முடிஞ்சா வயல் எலி தீனியைத் தேடி வீட்டுப் பக்கம் வரும், வைக்கோல் போர் பக்கத்துல நிக்கிற வண்டிக்குள்ள கூடு கட்டும். டர்போ இதழைத் திருப்புற விஜிடி ஆக்சுவேட்டருக்குப் போற வேக்யூம் (காற்றை உறிஞ்சுற) குழாய் பென்சில் தடிமன்கூட இருக்காது, ரப்பர். அதுல ரெண்டு பல் குறி பட்டாலே போதும். எலி கடிக்கலைன்னாலும் சொருகியிருக்கிற ரெண்டு முனையிலயும் வெடிச்சிருக்கும், அங்க நகத்தால விரிச்சுப் பாருங்க.

ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணட்டும், நீங்க டர்போ பக்கத்துல இருக்கிற ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் உள்ள இழுக்கணும், ஆஃப் பண்ணா திரும்பணும். அசையலைன்னா குழாயைக் கழற்றி முனையில விரலை வைங்க. உறிஞ்சுற வேகம் இல்லைன்னா ஓட்டை குழாயிலதான், இல்லைன்னா அதுக்கு முன்னால இருக்கிற, கரண்டுல திறந்து மூடுற சொலினாய்டு வால்வுல. நல்லா உறிஞ்சியும் கம்பி அசையலைன்னா ஆக்சுவேட்டர் உள்ள இருக்கிற டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கும், இல்ல டர்போ உள்ள இருக்கிற இதழ் கரி பிடிச்சு இறுகியிருக்கும். செலவு அங்கதான்.

மீன் தொட்டிக் குழாயை மாத்தி மாட்டாதீங்க. சூட்டுல இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கும். அதே உள்விட்டத்துல வேக்யூம் குழாய்னு கேட்டு வாங்குங்க.

கம்பி ஒழுங்கா அசைஞ்சா டர்போ காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் பெரிய குழாயோட அடிப்பக்கத்தைத் துணியால துடைச்சுட்டு டார்ச் அடிங்க. அழுத்தம் வரும்போது மட்டும் வாய் திறக்கிற வெடிப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஈரமா எண்ணெயும் அதுல ஒட்டின வைக்கோல் தூசியும் எங்க தெரியுதோ அதுதான் இடம். கிளிப் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான். ஏர் ஃபில்டர் மாத்தினப்போ பெட்டி மூடி சரியா உக்காந்துச்சான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க.

வேலை முடிஞ்சதும் அந்தப் பிழைக் கோடை ஓபிடி கருவியால அழிச்சுட்டு அதே ரோட்டுல, அதே நாலு பேரோட, அதே மூணாவது கியர்ல ஓட்டி மேனிஃபோல்ட் எண்ணை இங்க போடுங்க.