30 நாள், 30 பூ: தொடரலாமா, நிறுத்தலாமா?

மைத்துளி:
கொடுத்த பட்டியல்படி தினம் ஒரு பூ வரைந்து அன்றைக்கே பதிவிட வேண்டும் என்ற 30 நாள் சேலஞ்சில் சேர்ந்து இதுவரை 17 பூ முடித்திருக்கிறேன். நேற்று எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன், மனசே விட்டுப்போச்சு. செம்பருத்தி, நித்தியகல்யாணி, காட்டு ரோஜா மூன்றும் ஒரே பூ, நிறம் மட்டும்தான் வேறு. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஐந்து இதழ். இரவு பத்து மணிக்கு மேல் போனில் ஒரு போட்டோவைத் தேடி எடுத்து, பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டுமே என்று வரைந்தால் இப்படித்தான் வருகிறது. தினசரிக் கெடு வரைதலைக் கெடுக்கிறது என்றே நினைக்கிறேன். இன்றோடு நிறுத்தப் போகிறேன்.

வரைகோல்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 17 பூ வரைந்ததால்தானே மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது? மூன்று பூவோடு நின்றிருந்தால் தெரிந்திருக்காது. நான் இரண்டு வருடமாகப் பென்சிலையே தொடாமல் இருந்தவன், நல்ல பேப்பர் வாங்கணும், நல்ல வெளிச்சம் வேணும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனவன், என்னை உட்கார வைத்தது இந்தக் கெடுதான். 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயக் கலைஞர் மேரி டெலனியை எடுத்துக்கொள்ளுங்கள். 72 வயதுவாக்கில் தொடங்கி, வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டியே பத்து வருடத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் பூக்களைச் செய்தார், அவை இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. தினமும் உட்காராமல் அது நடக்குமா?

மைத்துளி:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். பத்து வருடத்தில் ஆயிரம் என்றால் சுமார் நான்கு நாளைக்கு ஒன்று. அதுவும் செடியையே பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்தவர். இன்றைக்கு இந்தப் பூ, நாளைக்கு அந்தப் பூ என்று யாரும் அவருக்குப் பட்டியல் கொடுக்கவில்லை.

இதழடுக்கு:
குறுக்கே வருகிறேன். கெடுவை விடுங்கள், சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதழை எண்ணிவிட்டு வரையத் தொடங்கிவிடுகிறோம், அமைப்பைப் பார்ப்பதே இல்லை. செம்பருத்தியில் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஓரம் பக்கத்து இதழுக்கு மேலே, மறு ஓரம் இன்னொன்றுக்குக் கீழே, ஐந்தும் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகச் சுழலும். நடுவிலிருந்து ஒரு குழல் நீண்டு வரும், அதைச் சுற்றி மகரந்தப் பைகள், நுனியில் ஐந்தாகப் பிரிந்த சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பாகம். இந்தக் குழலை வட்டமாக்கிவிட்டால் செம்பருத்தி போய்விட்டது. காட்டு ரோஜாவில் குழலே கிடையாது, நடுவில் நிறைய கேசரங்கள், அதாவது மகரந்தப் பை தாங்கும் இழைகள், தனித்தனியாக நிற்கும். லில்லியில் ஆறு இதழ் தெரியும், ஆனால் வெளியே இருக்கும் மூன்றும் உண்மையில் புல்லிகள் (பூவின் வெளியடுக்கு), பெரும்பாலும் உள்ளே உள்ளவற்றைவிடக் கொஞ்சம் குறுகலாக இருக்கும். சூரியகாந்தியோ ஒரு பூவே அல்ல, நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சேர்ந்த தலை. இவ்வளவும் தெரிந்தால் இருபது நிமிடத்திலும் நல்ல படம் வரும். தெரியாவிட்டால் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே வட்டமும் ஐந்து இதழும்தான்.

மைத்துளி:
சரி, ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொள்ளவே நேரம் வேண்டுமே! அந்த நேரத்தைத்தான் கெடு தின்கிறது. அதனால் மிச்சமிருக்கும் நாட்களில் ஒரே செம்பருத்தியை எடுத்துக்கொண்டு, முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று ஐந்து நாள் வரையலாமா என்று யோசிக்கிறேன், பதிவே போடாமல்.

வரைகோல்:
ஒரே செம்பருத்தியா? அது பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும். மறுநாள் வேறு பூதான் பறிக்க வேண்டும், அப்போது தினம் ஒரு பூ என்ற கணக்கே வந்துவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். அக்டோபர் முழுக்கத் தினம் ஒரு மைப்படம் வரையும் இங்க்டோபர் சேலஞ்சை 2009-ல் தொடங்கிய ஓவியர் ஜேக் பார்க்கரே, தினமும் முடியாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாளோ வாரம் ஒரு முறையோ போடலாம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் சீராகச் செய்யுங்கள் என்றுதான் சொன்னார். பட்டியல் பிடிக்கவில்லையா, விடுங்கள். உட்காரும் நேரத்தை மட்டும் விடாதீர்கள், ஒரு வாரம் போனால் திரும்ப வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இதழடுக்கு:
பல நாள் தாங்கும் பூ வேண்டுமென்றால் லில்லி. மொட்டோடு தண்டை வாங்கித் தண்ணீரில் வையுங்கள், ஒவ்வொரு மொட்டாக விரியும். விரிந்த புதிதில் மகரந்தப் பை மூடியிருக்கும், அப்புறம் வெடித்துத் தூள் வெளியே வரும். அந்த மாற்றத்தை எந்த ஒரு போட்டோவிலும் பார்க்க முடியாது.

மைத்துளி:
அப்படியென்றால் லில்லியே. பட்டியலை விட்டுவிட்டேன், அதில் மாற்றமில்லை, பதிவும் கிடையாது. ஆனால் வரைகோல் சொன்னதற்காக நேரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன், இரவு வேண்டாம், காலையில் வெளிச்சம் வந்ததும் அரை மணி நேரம். முதல் நாள் மொட்டு மட்டும்தான்.